மஞ்சள் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வராதா? குடல் அழற்சி உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

'தினமும் மஞ்சள் பால் குடிச்சா குடல் புண் ஆறிடும், கேன்சரே வராது.' குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கும் எல்லோருக்கும் இந்த மெசேஜ் ஒருமுறையாவது வந்திருக்கும். சாதாரணமாக இருப்பவர் இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் மஞ்சள் பால் குடித்தால் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் பல வருடங்களாகக் குடல் அழற்சி நோய்க்கு மாத்திரை எடுப்பவர், இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

அதே நேரம், இது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின், கிரீன் டீயில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி., அவுரி இனச் செடிகளில் இருந்து எடுக்கப்படும் நீலப் பொடி எனப் பல தாவரப் பொருட்களை விஞ்ஞானிகள் உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் நல்ல பலன், சிலவற்றில் ஏமாற்றம், சிலவற்றில் எதிர்பாராத பக்கவிளைவு. எது எந்த அளவுக்கு உண்மை? விரிவாகப் பார்க்கலாம்.

குடல் அழற்சி நோய் என்றால் என்ன?

காரம் சாப்பிட்டு ஒரு நாள் வயிறு எரிவது வேறு, இது வேறு. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே குடலின் உட்சுவரைத் தொடர்ந்து தாக்குவதால் வருவது குடல் அழற்சி நோய். இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பெருங்குடலின் உட்பூச்சில் மட்டும் புண் உண்டாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது, குடல் சுவரை ஆழமாகப் பாதிப்பது கிரோன்ஸ் நோய்.

ரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, எடை குறைவு, ரத்தசோகை ஆகியவை இதன் அறிகுறிகள். சில மாதம் அடங்கியிருக்கும், திடீரெனக் கிளம்பும். நிரந்தரமாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும்.

அழற்சி எப்படிப் புற்றுநோயாக மாறுகிறது?

வீட்டுச் சுவரில் தண்ணீர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை கசிந்தால் பூசிவிடலாம். வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தால், எத்தனை முறை பூசினாலும் சுவர் பலவீனமாகும். குடலிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது.

அழற்சி இருக்கும் இடத்துக்கு வரும் வெள்ளை அணுக்கள், ரசாயன ரீதியாகத் தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவை குடல் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். இன்னொரு பக்கம், அழிந்த செல்களுக்குப் பதிலாகப் புதிய செல்கள் வேகவேகமாகப் பெருகும். சேதமான டி.என்.ஏ. உள்ள செல்லும் அதில் சேர்ந்து பெருகினால் சிக்கல்.

இதை இயக்கும் முக்கியமான ஸ்விட்ச் ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. அதன் பெயர் என்.எஃப். கப்பா-பி. அது ஆன் ஆனால் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-6, காக்ஸ்-2 போன்ற அழற்சிப் பொருட்கள் உற்பத்தியாகும். இவை அழற்சியைத் தூண்டுவதோடு, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமலும் பிடித்து வைக்கும். பொதுவாக வரும் பெருங்குடல் புற்றுநோயில் பி53 என்ற காவல் மரபணு கடைசிக் கட்டங்களில்தான் பழுதாகும். அழற்சியால் வரும் புற்றுநோயில் அது ஆரம்பத்திலேயே பழுதாகிவிடுகிறது.

ஆபத்து எவ்வளவு?

உலக அளவில் 2022-ல் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் உயிரிழந்தனர். இதில் குடல் அழற்சி நோயால் வருவது சிறிய பங்குதான். ஆனால் அந்த நோய் உள்ள தனி மனிதருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

2001-ல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த கணக்கெடுப்பின்படி, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்து 10 ஆண்டுகளில் 2 சதவீதம் பேருக்கும், 20 ஆண்டுகளில் 8 சதவீதம் பேருக்கும், 30 ஆண்டுகளில் 18 சதவீதம் பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வரலாம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் இந்த எண்கள் குறைவாகவே உள்ளன. மருந்துகள் மேம்பட்டதும், கொலோனோஸ்கோபி கண்காணிப்பு அதிகரித்ததும் இதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

எல்லோருக்கும் ஒரே ஆபத்து இல்லை. பெருங்குடல் முழுவதும் பாதிக்கப்பட்டவர்கள், பல ஆண்டுகளாக அழற்சி அடங்காதவர்கள், பித்தநாளங்களைச் சுருக்கும் பி.எஸ்.சி. என்ற கல்லீரல் நோயும் சேர்ந்து உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தவர்கள் ஆகியோருக்கு அதிகம். மலக்குடலோடு மட்டும் நின்றுவிட்ட அழற்சிக்கு ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை.

மஞ்சள் மீது விஞ்ஞானிகளுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். சோதனைக்கூடத்தில் செல்களின் மேல் இதைப் போட்டால், மேலே சொன்ன என்.எஃப். கப்பா-பி ஸ்விட்ச் அடங்குகிறது. எலிகளிலும் நல்ல முடிவுகள் கிடைத்தன. ஆய்வுக்கூடங்களில் எலிக்கு அசாக்சிமீத்தேன் என்ற ரசாயனத்தை ஊசி போட்டு, டி.எஸ்.எஸ். என்ற பொருளைக் குடிநீரில் கலந்து கொடுத்துக் குடல் அழற்சியை உண்டாக்குவார்கள். சில வாரங்களிலேயே பெருங்குடலில் கட்டிகள் தோன்றும். இப்படிப்பட்ட எலிகளுக்குக் குர்குமின், ரெஸ்வெரட்ரால், ஈ.ஜி.சி.ஜி. போன்ற தாவரப் பொருட்களைக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

'மஞ்சள் கேன்சரைத் தடுக்கும்' என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த எலி ஆய்வுகளையும் செல் ஆய்வுகளையும் வைத்து எழுதப்பட்டவைதான். எலியில் சில வாரத்தில் ரசாயனத்தால் வரும் கட்டியும், மனிதனுக்கு 20 வருடத்தில் மெதுவாக வரும் புற்றுநோயும் ஒன்று இல்லை.

சரி, மனிதர்களிடம் சோதித்தார்களா?

சோதித்தார்கள். முதலில் நல்ல செய்தி.

ஜப்பானில் 2006-ல் வெளியான ஆய்வில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கிய நிலையில் இருந்த 89 பேர் பங்கேற்றனர். வழக்கமான மாத்திரையோடு ஒரு பிரிவினருக்கு காலை 1 கிராம், மாலை 1 கிராம் குர்குமின் 6 மாதம் கொடுக்கப்பட்டது. அவர்களில் 43 பேரில் 2 பேருக்கு மட்டுமே நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது.

இஸ்ரேல் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், நோய் கிளம்பிய நிலையில் இருந்த 50 பேருக்கு, மெசாலமைன் மாத்திரையோடு தினமும் 3 கிராம் குர்குமின் அல்லது வெற்று மாத்திரை ஒரு மாதம் கொடுக்கப்பட்டது. குர்குமின் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை எடுத்த 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை.

இப்போது மறுபக்கம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 450 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் குர்குமின் கொடுத்துப் பார்த்தனர். 8 வாரங்களுக்குப் பிறகு வெற்று மாத்திரைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த மூன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாருக்கும் வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டுக் குர்குமின் கொடுக்கவில்லை. மருந்தோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இன்னொன்று, இவை எதுவும் புற்றுநோய் தடுக்கப்பட்டதா என்று பார்க்கவில்லை. அழற்சி அடங்கியதா என்று மட்டுமே பார்த்தன.

புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கவே இல்லையா?

நேரடியாகப் பார்ப்பது கஷ்டம். புற்றுநோய் வர 10, 20 ஆண்டுகள் ஆகும். ஆயிரக்கணக்கானவர்களை அவ்வளவு காலம் பின்தொடர வேண்டும். அதனால், புற்றுநோய்க்கு முந்தைய கட்டமான பாலிப் போன்ற மாற்றங்கள் குறைகின்றனவா என்று பார்ப்பார்கள்.

எஃப்.ஏ.பி. என்பது பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் உண்டாக்கும் பரம்பரை நோய். இது அழற்சியால் வருவது அல்ல. ஆனாலும் பாலிப்பை எளிதாக எண்ணிப் பார்க்கலாம் என்பதால் இதில் சோதனை நடந்தது. 2006-ல் 5 நோயாளிகளுக்குக் குர்குமினும், வெங்காயத்தில் உள்ள குவெர்சிடினும் சேர்த்து 6 மாதம் கொடுத்தபோது பாலிப் எண்ணிக்கை சராசரியாக 60 சதவீதம் குறைந்தது. உலகம் முழுவதும் இது செய்தியானது.

அதே ஆய்வாளர்கள், இந்த முறை 44 நோயாளிகளை வைத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, தினமும் 3 கிராம் குர்குமின் 12 மாதம் கொடுத்துப் பார்த்தனர். 2018-ல் முடிவு வந்தது. பாலிப் எண்ணிக்கையிலும் அளவிலும் வித்தியாசம் இல்லை. முதல் செய்தி இன்றும் ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது முடிவு பலருக்குத் தெரியாது.

ஆக, குடல் அழற்சி நோயாளிகளுக்குக் குர்குமின் புற்றுநோயைத் தடுக்கும் என்று நிரூபித்த மனித ஆய்வு இன்றுவரை இல்லை.

சாம்பாரில் போடும் மஞ்சள் போதுமா?

ஒரு சின்னக் கணக்கு. மஞ்சள் தூளில் குர்குமின் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரைதான் இருக்கும். 3 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம் குர்குமின். ஜப்பான் ஆய்வில் கொடுத்த 2 கிராமைப் பெற, தினமும் 65 கிராமுக்கும் மேல், அதாவது 20 டீஸ்பூனுக்கும் மேல் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். யாராலும் முடியாது, முயற்சி செய்யவும் கூடாது.

அதற்காகச் சமையலில் மஞ்சள் வீண் என்று அர்த்தமில்லை. அது உணவு. மருந்து அளவு அதில் இல்லை, அவ்வளவுதான்.

மிளகு சேர்த்தால் பலன் கூடுமா?

குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால், ரத்தத்துக்குப் போகும் அளவு 2000 சதவீதம் கூடுகிறது என்று 1998-ல் பெங்களூருவில் இருந்து வந்த ஆய்வு காட்டியது. இன்று கடைகளில் விற்கும் பல மஞ்சள் மாத்திரைகளில் மிளகுச் சத்து சேர்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பெருங்குடல் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரத்தத்தில் சேராத குர்குமின் குடலுக்குள்ளேயே தங்கி, குடல் சுவரை நேரடியாகத் தொடுகிறது. பெருங்குடலை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்ததே இதனால்தான். பைப்பரின் சேர்த்தால், குர்குமின் மட்டுமல்ல, வேறு சில மருந்துகளும் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர வாய்ப்பு உண்டு. டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது கவலைக்குரிய விஷயம்.

இயற்கை என்பதால் பக்கவிளைவே இல்லையா?

இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில், மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புடைய 10 கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்தது. அதில் ஒருவர் உயிரிழந்தார். 7 பேரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. சில மாத்திரைகளில் மிளகுச் சத்தும் கலந்திருந்தது. இது அரிதான பாதிப்பு. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

அவுரிப் பொடியின் கதை இன்னும் தெளிவான பாடம். அவுரி போன்ற நீலச் சாயச் செடிகளில் இருந்து சீன மருத்துவத்தில் 'சிங் டாய்' என்ற பொடி தயாரிக்கிறார்கள். ஜப்பானில் 86 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் 8 வாரம் சோதித்தார்கள். அளவைப் பொறுத்து 70 முதல் 81 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. வெற்று மாத்திரையில் சுமார் 14 சதவீதம் மட்டுமே. ஆனால் அந்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கு வெளியே இதே பொடியைச் சாப்பிட்டவருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் கூடிய தகவல் வந்ததுதான் காரணம். நன்றாக வேலை செய்யும் பொருளுக்குக்கூட விலை உண்டு என்பதற்கு இது உதாரணம். சொந்தமாக அவுரி இலையை அரைத்துக் குடிப்பது நல்ல யோசனை அல்ல.

கிரீன் டீயை பானமாகக் குடிப்பது பொதுவாகப் பிரச்னை இல்லை. அதன் சாரத்தை மாத்திரையாக அதிக அளவில் எடுத்தால் கல்லீரல் பாதிக்கலாம். தினமும் 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி.க்கு மேல் போவது குறித்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது.

சாம்பிராணி இனப் பிசினான போஸ்வெல்லியாவும் பிரபலம். ஜெர்மனியில் 82 கிரோன்ஸ் நோயாளிகளிடம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில், நோய் திரும்பாமல் தடுப்பதில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

தாவரத்தில் இருந்து வந்து ஜெயித்த மருந்தே இல்லையா?

இருக்கிறது. வில்லோ மரப்பட்டையில் உள்ள சாலிசினில் தொடங்கிய ஆராய்ச்சிதான் ஆஸ்பிரினில் வந்து முடிந்தது. 1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் அது தூய வடிவில் தயாரிக்கப்பட்டது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்கள் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்ததில் பெருங்குடல் புற்றுநோய் குறைந்ததை, 2020-ல் வெளியான 10 ஆண்டு கண்காணிப்பு உறுதி செய்தது. இது அவர்களுக்கு மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும். குடல் அழற்சி உள்ள சிலருக்கு ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளே நோயைக் கிளப்பிவிடலாம்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இன்று அதிகம் தரப்படும் மெசாலமைன்கூட ரசாயன ரீதியாக இதே சாலிசிலேட் குடும்பம்தான். அதாவது, 'தாவரமா, இங்கிலீஷ் மருந்தா' என்பது சரியான கேள்வி இல்லை. 'அளந்து, சோதித்து, பக்கவிளைவு பார்த்து நிரூபிக்கப்பட்டதா' என்பதுதான் சரியான கேள்வி.

அப்படின்னா என்னதான் செய்யணும்?

* அழற்சியை அடக்கி வைப்பதுதான் முதல் தடுப்பு. மெசாலமைனோ, உயிரியல் ஊசியோ, மருத்துவர் கொடுத்ததை 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தக் கூடாது. வெளியில் அறிகுறி இல்லாதபோதும் குடலுக்குள் அழற்சி இருக்கலாம்.

* நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனதும் கண்காணிப்பு கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும் என்பது பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். அதன் பிறகு ஆபத்தைப் பொறுத்து 1 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பி.எஸ்.சி. உள்ளவர்களுக்கு அந்த நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும்.

* அழற்சியால் வரும் மாற்றங்கள் பாலிப் போல மேலெழும்பாமல் தட்டையாகவும் இருக்கலாம். அதனால் சாயம் தெளித்துப் பார்க்கும் முறையோ, உயர்தரக் கேமராவோ, தேவைப்பட்டால் பயாப்சியோ செய்வார்கள். நோய் அடங்கியிருக்கும் நேரத்தில் இதைச் செய்தால் தெளிவாகத் தெரியும்.

* குர்குமின் மாத்திரை எடுக்க விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். கல்லீரல் நோய், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

* மாத்திரை தொடங்கிய பிறகு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ, பசியே இல்லாமல் போனாலோ உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். மஞ்சள் சாப்பிட்டதால் நிறம் வந்தது என்று விட்டுவிடக் கூடாது.

* சமையலுக்கு, பளிச்சென்று அடர் நிறத்தில் இருக்கும் உதிரி மஞ்சள் தூளைத் தவிர்ப்பது நல்லது. நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈய ரசாயனம் கலக்கும் கலப்படம் தெற்காசியாவில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. 

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம், காரணம் தெரியாத எடை குறைவு, ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி. இவற்றில் ஏதாவது இருந்தால் 'மூலமாக இருக்கும்' என்று நாமே முடிவு செய்யக் கூடாது. வயிறு, குடல் நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் பால் குடித்துக்கொண்டே பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அதைக் குடிக்கிறோம் என்பதற்காக மாத்திரையையும் கொலோனோஸ்கோபியையும் தள்ளிப்போடக் கூடாது.